பழைய வண்டியும் பழுது பார்த்த கையும்



வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் நம் நினைவிற்கு வருகின்றன. அவை சிறந்த சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரசர் வெட்டுவித்த கல்லில் மட்டும் காலம் தன் கணக்கை எழுதிவைப்பதில்லை. உழவன் பிடித்த கலப்பையிலும், நெசவாளியின் தறியிலும், தச்சன் இழைத்த கதவிலும் அக்கணக்கு உண்டு. மோட்டார் வண்டியையும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க காலம் இப்பொழுது வந்துவிட்டது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் பழைய விரைவு வண்டிகளின் உடற்கூட்டைப் புதுப்பிக்கும் தொழில். 'இது செல்வர்களின் பொழுதுபோக்கு. இதில் மாணவர் அறிய என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். பழம்பொருள் ஒன்றைப் பழுது பார்க்கப் புகுந்தால், எதைக் காப்பது, எதை மாற்றுவது என்ற கேள்வி உடனே எழுகிறது. கோயிலுக்கும் கண்மாய்க்கும் வண்டிக்கும் பொதுவான கேள்வி அது. வரலாறு பயில்வோர் ஒருநாள் அதற்கு விடை சொல்லியே தீரவேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சக்கரங்களையும் எஞ்சினையும் தாங்கும் எஃகுச் சட்டத்தைச் சேஸிஸ் என்பர். அதன்மேல் அமர்ந்திருக்கும் கதவு, பானட், மட்கார்டு முதலிய தகட்டுப் பகுதிகள் அனைத்தும் சேர்ந்ததே உடற்கூடு. பட்டறைகளில் பாடி என்று சொல்லுவர். தகட்டைத் தட்டி உருவாக்குவோரும் ஒடுக்கு எடுப்போரும் டிங்கர் எனப்படுவர்.

தொடக்கத்தில் இவ்வுடற்கூட்டைச் செய்தவர்கள் குதிரை வண்டி கட்டியவர்களே. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்சன் நிறுவனம் குதிரைக் கோச்சு வண்டிகளைக் கட்டுவதற்காக ஏற்பட்டது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியொன்றை உருவாக்கினார். கோச்சு கட்டிய கைகளே மோட்டாருக்கும் கூடு கட்டின. அந்நாளில் பெருஞ்செல்வர் பலர் சேஸிஸை மட்டும் ஒரு நிறுவனத்திடம் வாங்கி, உடற்கூட்டை வேறொரு வண்டித் தச்சரிடம் தம் விருப்பப்படி கட்டுவித்துக்கொள்வர். மரத்தால் எலும்புக்கூடு அமைத்து, அதன்மேல் எஃகுத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ போர்த்தி ஆணி அடிப்பர். வீட்டிற்குக் கூரை வேய்வது போன்ற முறை அது.

இம்முறை நெடுநாள் நீடித்தது. இங்கிலாந்தில் எம்.ஜி. நிறுவனம் 1945 முதல் 1949 வரை செய்த டி.சி. என்னும் இருவர் அமரும் விரைவு வண்டியைப் பாருங்கள். ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த அவ்வண்டியின் உடலுக்குள்ளும் ஆஷ் என்னும் மரத்தாலான சட்டமே இருந்தது. இத்தாலியில் மிலான் நகரத்து டூரிங் நிறுவனத்தார் 1936-இல் மரத்தை விடுத்து, மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு பின்னி, அதன்மேல் அலுமினியத் தோலைப் போர்த்தும் முறையைக் கொண்டுவந்தனர். பின்னர்ப் பெரிய அழுத்துப் பொறிகள் வந்தன. தகடுகள் அச்சில் வார்த்தாற்போல ஒரே வடிவில் வெளிவந்தன. சேஸிஸும் உடலும் ஒன்றாய் இணைந்த வண்டிகள் பெருகின.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1920-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுப் பாகங்களைக் கொணர்ந்து இந்தியாவில் பூட்டி விற்றுவந்தன. விடுதலைக்குப் பின் அரசு, உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய முன்வருவோர்க்கே இடம் என்ற கொள்கையை மேற்கொண்டது. 1953-இல் தீர்வைக் கமிஷன் இதனை வலியுறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் அதனையொட்டி இந்நாட்டில் தம் தொழிலை நிறுத்திக்கொண்டன. ஏற்கெனவே வந்திருந்த வெளிநாட்டு வண்டிகளின் நிலை என்ன? மட்கார்டு நசுங்கினால் புதிது வரவழைக்க வழியில்லை. கதவு துருப்பிடித்தால் கடையில் கதவு இல்லை. ஆதலின், இருந்ததைத் தட்டி நிமிர்த்துவதும், இல்லாததைத் தகட்டிலிருந்து புதிதாக அடித்துச் செய்வதுமே வழியாயின. சென்னைப் புதுப்பேட்டையிலும், மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் இக்கைத்தொழில் ஆழ வேரூன்றியது. தட்டுப்பாடு ஒரு கலையை வளர்த்தது என்றால் அது மிகையாகாது.

இதே காலத்தில் தமிழ்நாட்டிலேயே ஒரு வண்டி பிறந்தது. சென்னையில் 1948-இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு என்னும் வண்டியைச் செய்தது. இதன் மூல வடிவம் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரால் வெளிவந்தது. வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவானி மிகெலோட்டி. அந்த இங்கிலாந்து நிறுவனத்திற்கு முன்னர் உடற்கூடு செய்து தந்தவர்கள் போட்டி நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றுவிட்டனர். ஆகவே முழு உடலையும் ஒன்றாகச் செய்யாமல், துண்டு துண்டாகச் செய்து சேஸிஸின்மேல் போல்ட்டுகளால் பூட்டும் முறையை மேற்கொண்டனர். வண்டியின் முன்முகம் முழுவதும் பெட்டியின் மூடியைப் போல முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அந்தச் சேஸிஸையே குறுக்கி, அதே மிகெலோட்டியின் கைவண்ணத்தில் 1962-இல் அமைந்தது ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற விரைவு வண்டி. எனவே நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ஹெரால்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு முறையாகும். உலகப் போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் கலந்துகொண்டன. உடலைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்ட முடிந்ததால், சிறு பட்டறையிலும் அதனை எளிதாகப் புதுப்பிக்க முடிகிறது.

இத்தகைய வண்டிகளுக்கு வாய்த்த பெரும் பகை துரு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. இராமநாதபுரக் கடற்கரை மக்களுக்குத் துருவைப் பற்றித் தெரியாதது இல்லை. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கிழக்கே சென்றால் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். உப்புக்காற்றில் சன்னல் கம்பி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலம், உப்புக்காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடியது. இடையறாது சுரண்டி, வர்ணம் பூசி, தேய்ந்த உறுப்புகளை மாற்றியே அதனைக் காத்தனர். 2022 டிசம்பரில் அதன்மீது இரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு உண்டாகிறது. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அவ்வினை விரைவுறுகிறது. துருவானது தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் வர்ணத்தை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்பும். வெளியே தெரியும் கொப்புளம் சிறிதாக இருக்கும். உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். மரச்சட்டம் உள்ள வண்டியில் மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள, ஆணியும் தகடும் ஒருங்கே கெடும். கதவின் அடிப்பகுதி, படிச்சட்டத்தின் உட்புறம், மட்கார்டு உடலோடு சேரும் மடிப்பு ஆகியவையே துரு முதலில் குடியேறும் இடங்கள்.

புதுப்பிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுவேன். கைதேர்ந்தவர் எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தொடுவதில்லை. முதலில் வண்டியை எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்து, அளவுகளைக் குறித்து, கழற்றும் ஒவ்வோர் உறுப்பிற்கும் சீட்டுக் கட்டுவர். பிறகு கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள சந்து மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று நோக்குவர். சந்து சீராக இல்லையெனில் உள்ளே கூடு தொய்ந்திருக்கிறது என்று பொருள். சேஸிஸும் உடலும் ஒன்றாய் இணைந்த வண்டியில், தக்க முட்டுக் கொடுக்காமல் படிச்சட்டத்தை அறுத்துவிட்டால் உடல் நடுவில் வளைந்து போகும்; பின்பு கதவு என்றும் சரியாகச் சாத்தாது.

அடுத்தது பழைய வர்ணத்தை நீக்குதல். இங்கும் பதற்றம் கூடாது. மணலை வேகமாக வீசிச் சுரண்டினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும்; அடுக்கடுக்காக இருந்த பழைய நிறங்களும் அடையாளம் இன்றி மறையும். கோயில் கற்சுவர்களில் மணல் வீச்சு முறையைக் கையாண்டபோது கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தமையால் எழுந்த கண்டனத்தை நீங்கள் அறிந்திருக்கலாம். இரண்டும் ஒரே தவறு.

ஒடுக்கு எடுக்கும்போது தகட்டின் அடியில் டாலி என்னும் இரும்புக் கட்டையைப் பிடித்து, மேலே சுத்தியலால் மெல்லத் தட்டுவர். கண்ணைவிட உள்ளங்கையையே அவர்கள் நம்புகின்றனர்; தகட்டின்மேல் கையைத் தடவி மேடுபள்ளம் காண்பர். அடிபட்டு நீண்டுவிட்ட தகட்டை, சிறு வட்டமாகச் சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்துச் சுருங்கச் செய்வர். அலுமினியம் அடிபட அடிபட இறுகும். அதனை மீண்டும் இளகச் செய்யச் சூடு தேவை. ஆனால் இரும்பைப் போல அது சிவந்து காட்டாது. திடீரென உருகி ஒழுகிவிடும். எனவே தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு அனல் காட்டுவர். சோப்புக் கறுத்ததும் சூடு போதும் என்று அறிந்து நிறுத்துவர். இத்தகைய நுட்பம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், கைவழி வந்து கைவழியே செல்வது.

அரித்துப்போன பகுதியை அறுத்துவிட்டு, அதே வளைவில் புதுத் தகடு அடித்து, கேஸ் வெல்டிங்கால் இணைப்பர். இணைப்பின் மேட்டையும் பள்ளத்தையும் முற்காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையால் நிரவினர். இன்று பெரும்பாலும் பட்டி பார்த்துச் சமன் செய்கின்றனர். மெல்லிய பட்டி குற்றமன்று. விரற்கடை கனத்தில் பட்டியை அப்பித் துருவை மூடிவிடுவதே குற்றம். அப்படி மூடப்பட்ட துரு உறங்குவதில்லை. இறுதியாக, உப்புத்தாள் கொண்டு நீர்விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, வர்ணம் ஏற்றுவர். வர்ணம் ஏற்றுமுன் எல்லா உறுப்புகளையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது நல்ல பட்டறையின் இலக்கணம்.

இனி நான் சொல்ல வந்த செய்தியின் மையத்திற்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பட்டறையில் பழைய எம்.ஜி. விரைவு வண்டியொன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்வியுற்று, பள்ளி மாணவர் சிலரை அழைத்துச் சென்றேன். தகட்டைப் பிரித்திருந்தார்கள். உள்ளே கதவு தாங்கும் தூண்கள் ஆஷ் மரமாக இல்லாமல் தேக்காக இருந்தன. ஒரு தூணில் 'வ' என்றும் மற்றொன்றில் 'இ' என்றும் தச்சர் பென்சிலால் எழுதியிருந்தார். வலம், இடம் என்பதற்கு அவை அடையாளம். அயல்நாட்டு மரம் கிடைக்காத காலத்தில் நம் தச்சர் ஒருவர் செய்த வேலை என்பது தெளிவு. வண்டிக்கு உரியவர், 'தேக்கை எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து ஆஷ் மரச்சட்டம் வரவழைக்கலாம். அப்போதுதான் அசல் வண்டியாகும்' என்றார்.

பட்டறையின் முதிய மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, 'ஐயா, ஆஷ் நல்ல மரந்தான், வளையும். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது நிற்காது. தேக்கு நின்றிருக்கிறது. இதை வைத்தவர் இந்த வண்டியைக் காப்பாற்றி நம் கையில் கொடுத்திருக்கிறார். அவர் வேலையை நான் எப்படிப் பிடுங்கிப் போடுவேன்?' என்றார். என் மாணவருள் ஒருவன் உடனே, 'ஆனால் ஐயா, தொழிற்சாலையில் செய்தபடி இருந்தால்தானே அது பழைய வண்டி?' என்று கேட்டான். இரண்டும் நேர்மையான வாதங்களே. முடிவில், உளுத்துப்போன அடிக்கட்டைகளை மட்டும் புதுத் தேக்கால் மாற்றி, அவற்றில் ஆண்டைப் பொறித்து, எழுத்துள்ள தூண்களை அப்படியே விட்டுவைப்பது என்று உரியவரும் இசைந்தார்.

அந்த மாணவனின் கேள்வி நீதிமன்றத்திற்கும் சென்றதுண்டு. பென்ட்லி நிறுவனத்தின் பந்தய வண்டியொன்று 1929-இலும் 1930-இலும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 'பழைய முதல் எண்' என்பது அதன் பெயர். 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் அதற்கு வேறு உடற்கூடு கட்டினர். காலப்போக்கில் பல உறுப்புகள் மாறின. ஒரு கோடி பவுனுக்கு அது விலை பேசப்பட்டபின், 'இது அந்த வண்டியே அன்று' என்று வாங்க ஒப்பியவர் தரப்பில் மறுத்தனர். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன், உறுப்புகள் மாறினும் அவ்வண்டியின் வாழ்வு எங்கும் அறுபடவில்லை. ஆதலால் அது அதுவே என்று தீர்ப்பளித்தார்.

எங்கள் ஊரார்க்கு இத்தீர்ப்புப் புதிதன்று. பாண்டிய மன்னன் இராசசிம்மன் பெயரால் விளங்கும் இராசசிங்கமங்கலக் கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று புகழ்வர். எத்தனை முறை கரை உடைந்து கட்டப்பட்டிருக்கும்! எத்தனை மடைகள் மராமத்துக் கண்டிருக்கும்! ஆயினும் அது அக்கண்மாயே என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. அதனைப் பழுது பார்த்த தலைமுறைகளும் அதன் வரலாற்றில் பங்குடையவர்கள்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் டூரின் சாசனம் என்னும் நெறிமுறையை ஏற்றது. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது அது. இயன்றவரை உள்ளதைக் காத்தல், மாற்றுவதைக் குறைத்தல், மாற்றியதற்கு அடையாளமும் ஆவணமும் வைத்தல் என்பன அதன் சாரம். நம் நாட்டிலும் 2021-இல் மத்திய மோட்டார் வண்டி விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'வி.ஏ.' என்னும் எழுத்துகளுடன் பதிவு பெறலாம். ஆனால் மூல வடிவம் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருத்தல் ஆகாது. இவ்விதி வந்தபின், எது பழுது பார்த்தல், எது உருமாற்றல் என்ற கேள்விக்கு விடை காண்பது முன்னைவிட இன்றியமையாததாயிற்று. பளபளப்புக்காகப் பழையதையெல்லாம் எறிபவர், தம் வண்டியின் சான்றையே எறிகிறார்.

மறுபுறம், இங்கிலாந்தில் 1988 முதல் எம்.ஜி.பி. என்னும் விரைவு வண்டியின் முழு உடற்கூட்டையும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். அழிந்த வண்டிக்கு அது வாழ்வு தரும். அதனைக் குறை கூறேன். ஆனால் எல்லாம் கடையில் கிடைக்குமாயின் கைத்திறனுக்கு வேலை இல்லாமற்போகும். இன்றைய வண்டிகளில் கதவு நசுங்கினால் தட்டி நிமிர்த்துவதைவிடப் புதுக்கதவு மாட்டுவதே பெரும்பாலும் வழக்கம். சோப்பின் நிறங்கண்டு சூட்டை அறியும் கலையைக் கற்க வருவோர் குறைந்துவருகின்றனர். ஒரு வண்டி துருப்பிடித்தால் மீட்கலாம். ஒரு திறன் கற்பார் இன்றி மறைந்தால் அதனை மீட்கப் பட்டறை இல்லை.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு முதிய தகட்டு வேலைக்காரர் இருப்பார். ஒரு விடுமுறை நாளில் குறிப்பேட்டுடன் அவரிடம் செல்லுங்கள். அவர் கருவிகளின் பெயர்களை அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதுங்கள். எவரிடம் கற்றார், எந்த ஆண்டு எந்த வண்டியைச் செப்பனிட்டார், கிடைக்காத பாகத்திற்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். தேக்குத் தூணில் 'வ' என்றும் 'இ' என்றும் எழுதிய அந்தத் தச்சரின் பெயரை இன்று எவரும் அறியார். அன்று எவரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. இன்று இருப்பவர்களின் பெயரையாவது நீங்கள் எழுதிவையுங்கள். நாளைய வரலாற்றாசிரியன் உங்கள் குறிப்பேட்டைத் தேடி வருவான்.